பத்துத் தவணை

பிப்ரவரியும் மார்ச்சும் லண்டனில் எனக்குப் பிடித்த மாதங்கள். குளிர் விட்டிருக்காது, மரமெல்லாம் மொட்டையாக நிற்கும். இருந்தாலும் அந்த இரண்டு மாதமும் கவுன்சில் டாக்ஸ் என்கிற உள்ளாட்சி வீட்டு வரி கிடையாது. ஏப்ரலில் ஆரம்பித்து ஜனவரியோடு பத்துத் தவணையில் வருட வரியைக் கட்டி முடித்துவிட்டால் அப்புறம் கொஞ்சம் மூச்சு விடலாம். மார்ச் நடுவில் வாசற்கதவின் தபால் துவாரத்தில் புது பில் விழுகிற சத்தம் கேட்கும்வரைதான் அந்த நிம்மதி.

கிழக்கு லண்டனில் ஈஸ்ட் ஹாமுக்குக் குடிவந்த புதிதில் இந்த வரியே எனக்குப் புரியவில்லை. திருச்சியில் வீட்டு வரி என்றால் அது வீட்டுக்காரர் பாடு. வாடகைக்கு இருப்பவனுக்கு அதில் ஒரு சம்பந்தமும் இல்லை. இங்கே குடியிருப்பவன்தான் கட்ட வேண்டும். வீட்டுக்கு வரிப் படி (பேண்ட்) போடும் முறை அதைவிட வேடிக்கை. 'ஏ' முதல் 'எச்' வரை எட்டுப் படி. 1991 ஏப்ரல் 1ஆம் தேதி இந்த வீடு என்ன விலைக்குப் போயிருக்கும் என்பதை வைத்து இன்றைக்கும் கணக்கு. அன்று நான் உறையூரில் மூன்றாம் வகுப்புப் பரீட்சைக்குப் பெருக்கல் வாய்ப்பாடு ஒப்பித்துக்கொண்டிருந்தேன். அதற்குப் பிறகு லண்டன் வீட்டு விலை எங்கேயோ போய்விட்டது. படி மட்டும் அப்படியே இருக்கிறது.

2025இல் வந்த பில்லைப் பார்த்துவிட்டுப் படிக்கட்டிலேயே உட்கார்ந்துவிட்டேன். கவுன்சில்கள் சாதாரணமாக வருடத்துக்கு 4.99 சதவீதத்துக்கு மேல் ஏற்ற முடியாது. ஏற்ற வேண்டுமென்றால் மக்களிடம் வாக்கெடுப்பு நடத்த வேண்டும். எங்கள் உள்ளாட்சியான நியூஹாம் பரோ அந்த வருடம் மத்திய அரசிடம் தனி அனுமதி வாங்கி 8.99 சதவீதம் ஏற்றியிருந்தது. வேலியோரம் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த பக்கத்து வீட்டு அக்காவிடம் புலம்பினேன். அவர் யாழ்ப்பாணம். 1990இல் வந்தவர்.

"கட்டத்தானே வேணும் தம்பி," என்றார், கிளிப்பை வாயிலிருந்து எடுக்காமலே. "ரெண்டு பிள்ளையளோட நான் வந்து நிக்கேக்க என்னை ஒரு அறைக்குள்ள கொண்டுபோய் விட்டது கவுன்சில்தான். அப்ப ஆரோ ஒராள் கட்டின காசுதானே அது."

அதற்கு என்னிடம் பதில் இல்லை. ஆனால் அந்த 'ஆரோ ஒராள்' மண்டைக்குள் நின்றுவிட்டார். யார் கட்டுகிறார்கள், யாருக்குப் போகிறது, யார் தீர்மானித்தது? அன்றிலிருந்து இந்தக் கவுன்சில் என்கிற சங்கதியைக் கொஞ்சம் தோண்ட ஆரம்பித்தேன்.

இங்கே இருக்கும் தமிழர்கள் பேச்சில் 'கவுன்சில்' என்றால் கிட்டத்தட்ட அரசாங்கம். குப்பை எடுக்காவிட்டால் கவுன்சில், பஸ் வராவிட்டாலும் கவுன்சில். உண்மையில் லண்டனில் 32 பரோக்கள். நடுவில் வங்கிகள் நிறைந்த பழைய நகரம் மட்டும் சிட்டி ஆஃப் லண்டன் கார்ப்பரேஷன் என்று தனியாக இருக்கிறது. இவற்றுக்கு மேலே மேயரோடு கிரேட்டர் லண்டன் அத்தாரிட்டி. பஸ், டியூப், போலீஸ், தீயணைப்பு எல்லாம் அந்த மேல்தட்டு விவகாரம். அதனால்தான் பில்லில் அதற்கென்று தனி வரி. வசூலிப்பது என்னவோ பரோதான்; அதில் ஒரு பங்கை எடுத்து மேலே அனுப்பிவிடும். திட்டு மட்டும் பங்கு பிரிக்கப்படாமல் பரோவுக்கே வந்து சேரும்.

ஏ13 நெடுஞ்சாலையில் குழி விழுந்தால் அது லண்டன் போக்குவரத்துத் துறையின் குழி. அதிலிருந்து பிரிந்து எங்கள் தெருவுக்குள் நுழைந்ததும் விழுகிற குழி கவுன்சிலுடையது. தெருவோரம் மழைநீர் இறங்கும் கம்பிச் சல்லடை கவுன்சில். அதற்குக் கீழே ஓடும் சாக்கடைக் குழாய் தேம்ஸ் வாட்டர். தண்ணீர் தேங்கி நிற்கும்போது யாருடைய தண்ணீர் என்று கேட்டுக்கொண்டிருக்க முடியுமா? ஆனால் போன் செய்தால் முதலில் வரும் கேள்வி அதுதான்.

கவுன்சிலோடு எனக்கு நேருக்கு நேர் ஏற்பட்ட முதல் உறவு மகள் பிறந்தபோது. 42 நாளுக்குள் பிறப்பைப் பதிய வேண்டும். பதிவாளர் அம்மா பொறுமைசாலி. குடும்பப் பெயர் என்ன என்றார். எங்களுக்குக் குடும்பப் பெயர் கிடையாது, இனிஷியல்தான் என்றேன். இனிஷியல் என்றால் என்ன என்றார். அப்பா பெயரின் முதல் எழுத்து என்றேன். அப்படியானால் உங்கள் இனிஷியல் உங்கள் அப்பாவுடையது, குழந்தையின் இனிஷியல் உங்களுடையது, இரண்டும் வேறு வேறா என்று கேட்டுவிட்டுச் சிரித்தார். ஈஸ்ட் ஹாமில் வேலை பார்ப்பவருக்கு இந்தக் கேள்வி தினசரிப் படியாகத்தான் இருந்திருக்கும். கடைசியில் என் பெயரே மகளுக்குக் குடும்பப் பெயர் ஆயிற்று. திரையைத் திருப்பி எழுத்தெழுத்தாகச் சரிபார்க்கச் சொன்னார். பிறகு ஒரு மைப் பேனாவைத் தந்தார். பால்பாயின்ட் கூடாதாம். நாளாக ஆக இன்னும் கறுக்கிற தனி மை, அழியாதது. பத்தாம் வகுப்புக்குப் பிறகு மைப் பேனா பிடித்தது அன்றுதான். கையெழுத்து கோணல்மாணலாக விழுந்தது. நானூறு வருஷம் ஆனாலும் அந்தக் கோணல் பதிவேட்டில் இருக்கும்.

பிறப்பு, இறப்பு, கல்யாணம் மூன்றையும் பதிவது, பள்ளிக்கூடச் சேர்க்கை, நூலகம், பூங்கா, ஹோட்டல் சமையலறைக்குள் நுழைந்து பார்த்து மதிப்பெண் போடுவது, அந்த ஹோட்டலுக்கு லைசென்ஸ், பின்பக்கம் ஓர் அறை இழுத்துக் கட்ட அனுமதி, தெருவில் கார் நிறுத்தப் பர்மிட், வாக்காளர் பட்டியல், குப்பை. இவை கண்ணில் படுபவை. ஆனால் பணத்தின் பெரும் பகுதி இவற்றுக்குப் போவதில்லை. தனியாக இருக்கும் முதியவரைக் காலையில் எழுப்பிக் குளிப்பாட்ட வரும் பெண், பெற்றோரிடம் விட முடியாத குழந்தைக்கு வேறொரு வீடு, ஊனமுற்றவருக்கு உதவி, வீடிழந்த குடும்பத்துக்குத் தற்காலிக இடம். வரி கட்டுகிறவன் வாழ்நாளில் ஒருமுறைகூட இந்தப் பக்கம் போகாமலே இருந்துவிடலாம். அதனால் 'இவ்வளவு கட்டுகிறேன், வாரத்துக்கு ஒருநாள்தான் குப்பை எடுக்கிறார்கள்' என்று அவன் கணக்குப் போடுகிறான். நானும் அப்படிப் போட்டவன்தான்.

நியூஹாமில் ஏறத்தாழ இருபது குடும்பத்தில் ஒன்று தற்காலிக வீட்டில் இருக்கிறது. இங்கிலாந்திலேயே இங்கேதான் அதிகம். 8.99 வந்ததற்குப் பெரிய காரணம் அது.

ஏன் இங்கே மட்டும் இப்படி என்று கேட்டால் பதில் ஓர் ஆற்றில் இருக்கிறது. மேற்கே லீ, கிழக்கே ரோடிங், தெற்கே தேம்ஸ். மூன்று ஆறுகளுக்கு நடுவில் சிக்கிய சதுப்பு நிலம் இது. 'ஹாம்' என்பதற்கே பழைய ஆங்கிலத்தில் நீர் சூழ்ந்த நிலம் என்ற பொருள் உண்டு. லீ ஆறுதான் நெடுங்காலம் லண்டனின் கிழக்கு எல்லை. 1844இல் லண்டனுக்குள் நாற்றமடிக்கும் தொழில்களைக் கட்டுப்படுத்தச் சட்டம் வந்தது. தோல் பதனிடுவோரும் எலும்பு காய்ச்சுவோரும் ரசாயனம் வடிப்போரும் என்ன செய்வார்கள்? ஆற்றைத் தாண்டி இந்தப் பக்கம் கடை போட்டார்கள். தொழிற்சாலை வந்தது, கப்பல்துறை வந்தது, கூலிக்காரர்கள் வந்தார்கள். 1901 கணக்கெடுப்பில் வெஸ்ட் ஹாமில் இரண்டரை லட்சத்துக்கு மேல் ஜனம். லண்டன் பெருநகரின் கழிவுநீரையும் இந்த வழியாகத்தான் பெக்டனுக்குக் கொண்டுபோனார்கள். 1858இல் தேம்ஸ் நாறிப் பார்லிமென்டே மூக்கைப் பொத்திக்கொண்ட பிறகு பொறியாளர் பசல்ஜெட் கட்டிய பெருங்குழாயின் முதுகின்மேல்தான் இன்று ஞாயிற்றுக்கிழமைகளில் மகளோடு சைக்கிள் ஓட்டுகிறேன். கிரீன்வே என்று அழகாகப் பெயர் வைத்துவிட்டார்கள். கோடையில் காற்று சரியாக அடித்தால் பழைய பெயர் என்னவென்று மூக்கே சொல்லிவிடும்.

இத்தனை ஜனத்துக்குத் தண்ணீரும் விளக்கும் பள்ளியும் யார் செய்வது? அதற்குத்தான் உள்ளூர் ஆட்சி. வெஸ்ட் ஹாம் 1886இல் பரோ ஆனது. ஈஸ்ட் ஹாம் 1904இல். 1898இல் தொழிலாளர் தரப்பினர் வெஸ்ட் ஹாம் சபையைக் கைப்பற்றினார்கள். நாட்டிலேயே முதல் தடவை. ஆறு வருடம் முன்பு தொழிலாளர் தலைவர் கீர் ஹார்டியைப் பார்லிமென்டுக்கு அனுப்பியதும் இதே ஊர்தான்.

பார்க்கிங் ரோடு முனையில் இருக்கிற ஈஸ்ட் ஹாம் டவுன் ஹாலைப் பார்த்திருப்பீர்கள். சிவப்புச் செங்கல், சுடுமண் பூவேலை, உச்சியில் மணிக்கூண்டு. 1903இல் திறந்தது. சேறு மிதித்து வேலைக்குப் போன ஜனங்கள் தங்களுக்கென்று கட்டிக்கொண்ட அரண்மனை என்று எனக்குத் தோன்றும். அன்றைய கவுன்சிலுக்கு இருந்த கைகளைப் பாருங்கள்: 1901 முதல் சொந்தமாக மின்சார டிராம் ஓட்டியது, சொந்தமாக மின்சாரமும் விற்றது. அப்புறம் ஒவ்வொரு விரலாகப் போயிற்று. டிராம் 1933இல் லண்டன் போக்குவரத்து வாரியத்துக்கு, மின்சாரம் 1948இல் தேசத்துக்கு, ஆஸ்பத்திரிகள் அதே வருடம் தேசிய சுகாதாரச் சேவைக்கு. இன்றைய கவுன்சில் அந்த அரண்மனையின் மிச்சம்.

ஆனால் ஏழைகளின் கணக்கு மட்டும் எப்படியோ சுற்றிச் சுற்றி உள்ளூருக்கே வரும். இதில்தான் லீ ஆற்றுக்கு அக்கரையில் இருக்கும் பாப்லரின் கதை வருகிறது. கவுன்சில் வரலாற்றில் இதற்கு நிகரான ஒன்று கிடையாது என்பது என் கட்சி.

1921. போர் முடிந்து வேலையில்லாத் திண்டாட்டம். வேலை இழந்தவருக்கு உதவிப் பணம் தர வேண்டியது அந்தந்தப் பகுதி. பாப்லரில் ஏழைகள் அதிகம், அதனால் உதவி கேட்பவர்கள் அதிகம். வீடுகள் சிறியவை, அதனால் வரி வருமானம் குறைவு. வெஸ்ட்மின்ஸ்டரில் தலைகீழ். அங்கே பவுனுக்கு ஒரு பென்னி வரி போட்டால் வருவது பாப்லரில் வருவதைப் போலப் பல மடங்கு. ஏழை தன் ஏழ்மையைத் தானே பங்குபோட்டுக்கொள்ள வேண்டும் என்கிற ஏற்பாடு. போதாததற்கு லண்டன் கவுன்டி கவுன்சில், போலீஸ் என்று மேலே இருப்பவர்களுக்கும் பாப்லர் வசூலித்துக் கட்ட வேண்டும். ஜார்ஜ் லான்ஸ்பரி தலைமையிலான கவுன்சிலர்கள் மேலே கட்ட வேண்டிய வரியை விதிக்கவே மாட்டோம் என்று தீர்மானம் போட்டார்கள். கோர்ட்டு கூப்பிட்டது. ஜூலை 29ஆம் தேதி, செங்கோல் ஏந்தியவர் முன்னே நடக்க, வாத்தியத்தோடு ஊர்வலமாகப் போனார்கள். 'பாப்லர் பரோ கவுன்சில் ஹைகோர்ட்டுக்குப் போகிறது, ஒருவேளை சிறைக்கும்' என்று பதாகையிலேயே எழுதியிருந்தார்கள்.

செப்டம்பரில் 30 கவுன்சிலர்களும் உள்ளே. 25 ஆண்கள் பிரிக்ஸ்டன் சிறையில், 5 பெண்கள் ஹாலோவேயில். பெண்களில் ஒருவர் நிறை கர்ப்பிணி. கவுன்சில் கூட்டம் எங்கே நடத்துவது? சிறைக்குள்ளேயே நடத்த அனுமதி வாங்கினார்கள். ஹாலோவேயிலிருந்து பெண் கவுன்சிலர்களை டாக்சியில் பிரிக்ஸ்டனுக்குக் கொண்டுவந்து, கூட்டம் முடிந்ததும் திரும்பக் கொண்டுபோய் அடைத்தார்கள். ஆறு வாரத்தில் அரசாங்கம் இறங்கிவந்தது. பணக்காரப் பரோக்கள் ஏழைப் பரோக்களின் செலவில் பங்கு கொடுக்கச் சட்டம் வந்தது. விடுதலையாகி மூன்று மாதம் ஆவதற்குள், 1922 புத்தாண்டு அன்று, லான்ஸ்பரியின் மருமகள் மின்னி லான்ஸ்பரி நிமோனியாவில் இறந்துபோனார். வயது 32. போ ரோட்டில் அவர் நினைவாக ஒரு கடிகாரம் இருக்கிறது. 25ஆம் நம்பர் பஸ்ஸில் போகும்போது மாடியில் உட்கார்ந்தால் பார்க்கலாம்.

ஐந்து வருடம் கழித்து இக்கரையில், வெஸ்ட் ஹாமில், ஏழைகளுக்கு அதிகமாக உதவி கொடுக்கிறீர்கள் என்று சொல்லித் தேர்ந்தெடுக்கப்பட்ட காப்பாளர் சபையையே அப்போதைய சுகாதார அமைச்சர் நெவில் சேம்பர்லேன் ஒரு சட்டம் கொண்டுவந்து கலைத்துவிட்டு, தன் ஆட்களை உட்கார வைத்தார். இன்று வெஸ்ட்மின்ஸ்டரின் கவுன்சில் டாக்ஸ் நாட்டிலேயே மிகக் குறைந்தவற்றில் ஒன்று. எங்கள் பில் ஒரே வருடத்தில் 8.99 சதவீதம் ஏறியது. நூறு வருடத்தில் சட்டம் எத்தனையோ மாறியிருக்கிறது. லீ ஆறு ஓடுகிற இடத்திலேயேதான் ஓடுகிறது.

இந்த வரி விவகாரத்தில் நமக்கும் ஒரு பழைய பாத்தியதை உண்டு. மேனர் பார்க்கிலிருந்து வான்ஸ்டெட் பிளாட்ஸ் புல்வெளியைக் கடந்து போனால் வான்ஸ்டெட் பூங்கா. பதினேழாம் நூற்றாண்டில் அந்த இடம் ஜோசையா சைல்டுக்குச் சொந்தம். கிழக்கிந்தியக் கம்பெனியை ஆட்டிவைத்தவர். மதராஸ்பட்டணத்தில் வீட்டு வரி போட்டபோது ஜனங்கள் எதிர்த்து நின்றார்கள். அப்போதுதான் அங்கே இங்கிலாந்து பாணியில் ஒரு மேயர், ஆல்டர்மென் என்கிற மூத்த உறுப்பினர்கள் வைத்த சபையை உண்டாக்கும் யோசனை வந்தது. நம் அதிகாரத்தால் ஆறு பென்னி கேட்பதைவிட, அவர்களே தங்களுக்கு விதித்துக்கொண்டால் ஐந்து ஷில்லிங்கையும் மனமுவந்து தருவார்கள் என்கிற பொருளில் கம்பெனிக் கடிதம் பேசுகிறது. ஷில்லிங்குக்குப் பன்னிரண்டு பென்னி; கணக்குப் போட்டால் பத்து மடங்கு. 1688 செப்டம்பர் 29இல் சென்னை மாநகராட்சி பிறந்தது இப்படித்தான். ஈஸ்ட் ஹாமுக்கு அப்போது டவுன் ஹாலும் கிடையாது, கவுன்சிலும் கிடையாது. இங்கிருந்து நடந்து போகும் தூரத்தில் இருந்த ஒரு வியாபாரிக்கு, நம்மிடம் வரி வாங்கும் சூட்சுமம் மட்டும் தெரிந்திருந்தது.

நியூஹாம் என்கிற பெயர் புதிது. 1963 சட்டப்படி 1965 ஏப்ரல் 1 அன்று 32 பரோக்கள் பிறந்தபோது வெஸ்ட் ஹாமையும் ஈஸ்ட் ஹாமையும் சேர்த்து, பார்க்கிங்கில் ஒரு துண்டையும் நார்த் வுல்விச்சையும் ஒட்டவைத்தார்கள். (நார்த் வுல்விச் ஆற்றுக்கு இந்தப் பக்கம் இருந்துகொண்டே நூற்றாண்டுக் கணக்காக அந்தப் பக்கத்துக் கென்ட்டைச் சேர்ந்திருந்தது. நிலத் தகராறுகளுக்கு எந்த ஊரும் விதிவிலக்கல்ல.)

புதுப் பரோவுக்கு மூன்று வயது முடிந்து ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. குண்டுவீச்சில் வீடிழந்தவர்கள் இன்னும் வரிசையில் நிற்க, சீக்கிரம் வீடு கட்ட வேண்டும் என்ற அவசரத்தில் கேனிங் டவுனில் ரோனன் பாயின்ட் என்று 22 மாடி எழும்பியது. தொழிற்சாலையில் வார்த்த கான்கிரீட் பலகைகளைச் சீட்டுக்கட்டு மாதிரி அடுக்கிக் கட்டியது. 1968 மே 16, விடிகாலை ஆறு மணி ஆகவில்லை. 18ஆவது மாடியில் ஒரு பெண் தேநீர் போட அடுப்பைப் பற்றவைத்தார். கசிந்திருந்த எரிவாயு வெடித்துச் சுவர்ப் பலகை வெளியே போனது. அது தாங்கியிருந்த மேல்மாடிகள் சரிந்தன. அந்தப் பாரத்தில் கீழ்மாடிகளும் அடி வரைக்கும் ஒரு மூலை முழுக்க இறங்கிவிட்டன. நான்கு பேர் இறந்தார்கள். அடுப்புப் பற்றவைத்தவர் பிழைத்துக்கொண்டார். ஜனங்கள் குடியேறி இரண்டு மாதம்தான். ஒரு சுவர் போனால் முழுக் கட்டடமும் போகக் கூடாது என்று நாட்டின் கட்டட விதிகளே அதன் பிறகு மாறின. அந்த மூலையைத் திரும்பக் கட்டி ஜனங்களைக் குடியும் வைத்தார்கள். 1986இல் இடிக்கும்போது ஒவ்வொரு மாடியாகப் பிரித்துப் பார்த்தால், பலகைகளின் இணைப்பில் சிமென்ட் இருக்க வேண்டிய இடத்தில் பழைய செய்தித்தாள் அடைந்திருந்தது.

வீடு என்பது கவுன்சிலின் பெருமையும் தலைவலியும். 2013இல் வாடகைக்கு விடும் வீட்டுக்காரர்கள் எல்லாரும் லைசென்ஸ் எடுக்க வேண்டும் என்று பரோ முழுவதற்கும் முதலில் விதி போட்டது நியூஹாம்தான். ஆரம்பப் பள்ளியில் எல்லாக் குழந்தைக்கும் இலவச மதிய உணவு 2009லிருந்தே உண்டு. லண்டன் முழுதும் அது வர 2023 ஆயிற்று. மதிய உணவு விஷயத்தில் நமக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை, இருந்தாலும் மகள் தட்டைப் பார்த்தபோது கொஞ்சம் சந்தோஷமாகத்தான் இருந்தது.

இதையெல்லாம் தீர்மானிப்பவர்களைத் தேர்ந்தெடுக்க எனக்கும் ஓட்டு உண்டு என்பதே குடிவந்து வெகுநாள் எனக்குத் தெரியாது. பிரிட்டிஷ் பாஸ்போர்ட் தேவையில்லை. காமன்வெல்த் நாட்டவர் இங்கே முறையாக வசித்தால் போதும். ஓட்டுப் போடலாம். காலவரம்பில்லாமல் தங்க அனுமதி இருந்தால் கவுன்சிலராகவும் நிற்கலாம். சென்னை மாநிலக் கல்லூரியில் படித்த வி. கே. கிருஷ்ண மேனன் 1934 முதல் 1947 வரை செயின்ட் பாங்க்ராஸ் பரோவில் கவுன்சிலராக இருந்தவர். டில்லியில் அமைச்சர் ஆவதற்கு முன்னால் அவர் லண்டனில் நூலகங்களுக்காக மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்.

2022 மே மாதத் தேர்தலில் முதல் தடவை ஓட்டுப் போட்டேன். நியூஹாமில் மேயரை மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுக்கிறார்கள், 2002லிருந்து. அதற்கு ஒரு சீட்டு. கவுன்சிலர்களுக்கு இன்னொரு சீட்டு. பள்ளிக்கூட ஹாலில் மரத்தடுப்பு, நூலில் கட்டிய கட்டைப் பென்சில். விரலில் மை கிடையாது. அது ஒன்றுதான் குறை. ஓட்டுப் போட்ட மாதிரியே இல்லை. அக்காவும் என்னோடுதான் வந்திருந்தார். வெளியே வந்து கோட்டுப் பொத்தானைப் போட்டுக்கொண்டே, "எங்கட வார்டில மூண்டு பேருக்குப் போடலாம் என்ன?" என்று கேட்டார். ஆமாம் என்றேன்.

"நான் ரெண்டு பேருக்குத்தான் போட்டனான். மற்றவர் ஒருக்காலும் வந்து கதவு தட்டேல்லை."